லோபுச்சேயில் உடல்நலம் குன்றினால்: தங்குவதா, நடந்து இறங்குவதா, ஹெலிகாப்டரை அழைப்பதா?

நேபாளத்தின் கும்புப் பகுதியில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நோக்கி நடப்பவர்கள், வழக்கமான பயணத் திட்டப்படி, லுக்லாவிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் லோபுச்சே என்னும் சிற்றூரை அடைகிறார்கள். அது 4,940 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேஸ் கேம்ப் 5,364 மீட்டரில் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் நடந்தால் வந்த நோக்கம் நிறைவேறிவிடும் என்ற நிலையில்தான் பலருக்கும் தலைவலி கடுமையாகிறது, சாப்பாடு பிடிக்காமல் போகிறது, குமட்டல் தொடங்குகிறது. அந்த மாலை நேரத்தில் அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. அங்கேயே தங்கி உடல் தேறுகிறதா என்று பார்க்கலாம்; மாத்திரை போட்டுக்கொண்டு மேலே தொடரலாம்; நடந்தோ குதிரையிலோ கீழே இறங்கலாம்; ஹெலிகாப்டரை வரவழைக்கலாம். இந்த நான்கில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதை ஊரிலேயே தெளிவாக யோசித்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், உடல்நலம் குன்றிய மனிதரின் சிந்தனை தெளிவாக இருக்கும் என்று நம்ப முடியாது.

தென்னிந்தியாவிலிருந்து செல்பவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர். இலங்கையின் பிதுருதலாகல 2,524 மீட்டர். நடை தொடங்கும் லுக்லாவோ சுமார் 2,850 மீட்டரில் இருக்கிறது. அதாவது நம் மலைகளின் உச்சியைவிட உயரமான இடத்தில் விமானம் நம்மை இறக்கிவிடுகிறது. பயணம் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடலுக்கு, நல்ல உடற்பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இது முற்றிலும் புதிய சூழல். பேஸ் கேம்ப் அளவிலான உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. மாரத்தான் ஓடுபவர் என்பதால் உயர நோய் வராது என்று எண்ணுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள் என்பதாலேயே அவர்கள் சில நேரங்களில் கூடுதல் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள்.

முதலில் எந்த நோய் என்று பிரித்தறிவது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், எதற்காக முடிவெடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும். கும்புவில் பயணிகளைத் தாக்கும் நோய்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்குகின்றன: உயரத்தால் வருபவை, வயிற்றுக்கோளாறு, சளியும் இருமலும். இவற்றில் உயரத்தால் வரும் நோயே உயிரைப் பறிக்கக் கூடியது. ஆகவே உயரமான இடத்தில் ஏற்படும் எந்த உடல்நலக் குறைவையும், வேறு காரணம் தெளிவாகத் தெரியும் வரை, உயர நோயாகவே கருதி நடந்துகொள்ள வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் நிலைபெற்ற விதி. வெயில் பட்டதால் வந்த தலைவலி, நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாததால் வந்த வாந்தி என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் விளக்கங்கள் ஆபத்தானவை. அவை சில வேளைகளில் உண்மையாகவும் இருந்துவிடுவதால் அந்த ஆபத்து மேலும் கூடுகிறது.

இது அரிதாக யாரோ ஒருவருக்கு வரும் நோயும் அன்று. பீட்டர் ஹேக்கெட், டிரம்மண்ட் ரென்னி ஆகிய மருத்துவர்கள், லோபுச்சேக்குக் கீழேயுள்ள பெரிச்சே என்னும் ஊரில் 278 மலையேற்றப் பயணிகளை ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 53 சதவீதத்தினருக்கு உயர நோயின் அறிகுறிகள் இருந்ததாகப் பதிவு செய்தார்கள். லுக்லாவுக்கு விமானத்தில் வந்து இறங்கியவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. ஆகவே நோய் வந்தால் அதில் வெட்கப்படவோ மறைக்கவோ எதுவும் இல்லை. குழுவினர் காத்திருக்க நேரிடுமே என்று தலைவலியை மறைப்பவர், தம்முடைய முடிவெடுக்கும் நேரத்தையே வீணாக்குகிறார்.

உயர நோயின் மிதமான வடிவம் தலைவலி, பசியின்மை அல்லது குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவற்றோடு வருகிறது. இது மட்டும் இருந்தால் யோசிக்க நேரம் உண்டு. இதன் கடுமையான வடிவங்கள் இரண்டு. ஒன்று மூளை வீக்கம்; மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல். மூளை வீக்கத்தின் முக்கியமான அடையாளம் நடை தள்ளாடுவது. தரையில் ஒரு நேர்கோட்டை மனத்தில் வைத்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால், அவரால் நிலைத்து நடக்க முடியாது. குழப்பமான பேச்சு, எதிலும் நாட்டமின்மை, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் ஆகியவையும் சேர்ந்து வரலாம். நுரையீரலில் நீர் கோத்தால், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும். முந்தைய நாள் எளிதாக ஏறிய சரிவில் திடீரென்று ஏற முடியாமல் போகும். வறட்டு இருமல் பிறகு நுரைத்த சளியாக மாறும். உதடும் நகமும் நீலம் பாயும். இது பெரும்பாலும் புதிய உயரத்துக்கு வந்த இரண்டாவது முதல் நான்காவது நாளுக்குள், குறிப்பாக இரவில், தீவிரமாகிறது. தலைவலியே இல்லாமலும் வரக் கூடும் என்பதால், இருமல்தானே என்று விட்டுவிடுவது மிகுந்த கேட்டில் முடியலாம்.

இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இப்போது பலரும் கொண்டுசெல்கிறார்கள். அது பயனுள்ள கருவிதான் என்றாலும், அதன் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. லோபுச்சே உயரத்தில் நலமாக இருப்பவர்களிடமும் 80 சதவீதத்தை ஒட்டிய அளவு காணப்படும். விரல் குளிர்ந்திருந்தால் கருவி தவறான எண்ணைக் காட்டும். குழுவிலுள்ள மற்றவர்களைவிட ஒருவருடைய எண் மிகவும் தாழ்ந்திருந்து, அவருக்கு மூச்சும் வாங்கினால், அப்போது அது பொருட்படுத்த வேண்டிய செய்தி. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக, தள்ளாடி நடக்கும் ஒருவரை அங்கேயே படுக்கவைப்பது எக்காரணத்தாலும் சரியாகாது.

அங்கேயே தங்குவது

மிதமான உயர நோய்க்கு, அதே உயரத்தில் ஒன்றிரண்டு நாள் தங்கி ஓய்வெடுப்பது முறையான, போதுமான சிகிச்சை. பலருக்கு ஒரே நாளில் தலைவலி விட்டுவிடுகிறது. செலவு இல்லை, பயணமும் முறியவில்லை. அசெட்டசோலமைடு என்னும் மருந்து, பரவலாக டயாமாக்ஸ் என்று அறியப்படுவது, இதற்குத் துணைசெய்கிறது. இம்மருந்து அறிகுறிகளை மூடி மறைத்துவிடும் என்ற எண்ணம் பயணிகளிடையே இருக்கிறது, அது சரியன்று. சிறுநீரகத்தின் வழியாக பைகார்பனேட்டை வெளியேற்றி, மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் விடச் செய்து, உடல் உயரத்துக்குப் பழகுவதையே அது விரைவுபடுத்துகிறது. வருமுன் காக்க 125 மில்லிகிராம் நாளைக்கு இருமுறையும், வந்த பின் 250 மில்லிகிராம் இருமுறையும் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வழக்கமான அளவுகள். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. விரல்நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இதன் இயல்பான விளைவுகள். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் தங்குவது எந்த ஊரில் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. திங்போச்சேயிலோ பெரிச்சேயிலோ தலைவலியோடு தங்குவதற்கும், லோபுச்சேக்கு மேலே 5,164 மீட்டரிலுள்ள கோரக் ஷெப்பில் தங்குவதற்கும் இடையே எந்த ஒப்புமையும் இல்லை. முதல் இரண்டும் 4,300 முதல் 4,400 மீட்டர் வரையிலான உயரத்தில் உள்ளவை. நடக்கும் தூரத்தில் மருத்துவ உதவி உண்டு. கோரக் ஷெப்பில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் தேறிவிடும் என்று காத்திருப்பவரின் உடல், அந்த ஓய்விலேயே மேலும் தளர்ந்து போகலாம். அங்கே தூக்கமும் வருவதில்லை, உணவும் செல்வதில்லை. லோபுச்சே இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே மாலையில் தலைவலி தொடங்கி, வலி மாத்திரைக்கும் தண்ணீருக்கும் ஓய்வுக்கும் தணிந்து, நடை சீராக இருந்தால், அந்த இரவு அங்கே தங்கலாம் என்றே நான் சொல்வேன். தணியவில்லை என்றால், அல்லது வாந்தி தொடங்கினால், விடியும் வரை காத்திருப்பதில் பொருளில்லை.

தங்குவதென்று முடிவுசெய்தால் ஒரு நிபந்தனை உண்டு. நோயாளி தனி அறையில் தூங்கக் கூடாது. உடனிருப்பவர் இரவில் இரண்டு மூன்று முறையாவது அவரை எழுப்பி, பேசவைத்து, சில அடி நடக்கவைத்துப் பார்க்க வேண்டும். களைத்து வந்தவரை எழுப்புவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் மூளை வீக்கம் தூக்கத்தின் போர்வையிலேயே மயக்கத்துக்கு இட்டுச் செல்கிறது. தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மட்டுப்படுத்துவதால் அன்று அறவே கூடாது.

மாத்திரையோடு மேலே தொடர்வது

இதைத் தனி வழியாக எண்ணுவதற்கே நான் தயங்குகிறேன். ஆயினும் நடைமுறையில் பலரும் நாடுவது இதையே என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. உயர நோயின் அறிகுறிகள் இருக்கும்போது, தூங்கும் உயரத்தை ஒரு மீட்டரும் கூட்டக் கூடாது. இதில் டெக்சாமெதசோன் என்னும் மருந்து தனி எச்சரிக்கைக்கு உரியது. மூளை வீக்கத்துக்கு அது உயிர்காக்கும் மருந்து. முதலில் 8 மில்லிகிராம், பின்பு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம் என்ற அளவில், இறங்கும்போது கொடுக்கப்படுவது. டயாமாக்ஸைப் போல அது உடலை உயரத்துக்குப் பழக்குவதில்லை. துன்பத்தை மட்டும் குறைக்கிறது. அதை விழுங்கிவிட்டு, தலைவலி போய்விட்டது என்று மேலே ஏறுபவர், மருந்தின் பலன் தீரும் நேரத்தில் முன்பைவிட உயரமான இடத்தில், முன்பைவிட மோசமான நிலையில் இருப்பார். பேஸ் கேம்ப் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

நடந்து இறங்குவது

எல்லா வகை உயர நோய்க்கும் பொதுவான, உறுதியான மருந்து இறங்குவதே. பொதுவாக 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினால் அறிகுறிகள் குறையத் தொடங்குகின்றன. மலைச்சரிவில் சில நூறு மீட்டர் இறங்கியதுமே, படுத்த படுக்கையாக இருந்தவர் பசிக்கிறது என்று கேட்பதைக் கும்புவின் வழிகாட்டிகள் அனைவரும் கண்டிருக்கிறார்கள். காப்பீடு, தொலைபேசி இணைப்பு ஆகிய எதையும் சாராமல், இரவிலும் செய்யக் கூடியது இந்த ஒரு வழி மட்டுமே. அதனால்தான் மற்ற எல்லா வழிகளையும்விட இதை நான் முன்வைக்கிறேன். அதுவும் கால்கள் உறுதியாக இருக்கும்போதே, நோய் முற்றும் முன்பே.

கும்புவின் நிலஅமைப்பை அறிந்திருப்பது இங்கே மிகவும் உதவும். லோபுச்சேயிலிருந்து இறங்கினால், எவரெஸ்ட் பகுதியில் உயிரிழந்தோரின் நினைவுக் கற்குவியல்கள் நிற்கும் கணவாயைத் தாண்டி, 4,620 மீட்டரிலுள்ள தூக்லாவை அடையலாம். அங்கே பாதை பிரிகிறது. ஒன்று மேல்சரிவில் திங்போச்சே நோக்கிச் செல்கிறது. மற்றொன்று பள்ளத்தாக்கில் இறங்கிப் பெரிச்சே சேர்கிறது. நோயாளிக்கு உகந்தது பெரிச்சே. லோபுச்சேயிலிருந்து அங்கு இறங்க ஏறத்தாழ 3 மணி நேரம் போதும். உயரம் சுமார் 600 மீட்டர் குறைகிறது. இமாலய மீட்புச் சங்கம் 1973-இல் தொடங்கி நடத்திவரும் உதவி மையம் அங்கே இருக்கிறது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் தன்னார்வ மருத்துவர்கள் தங்கிப் பணியாற்றுகிறார்கள். ஆக்சிஜன் தரும் கருவிகளும் அழுத்தப் பையும் உண்டு. பயணிகளுக்கு உயர நோய் பற்றி அவர்கள் பிற்பகலில் நடத்தும் இலவச விளக்கவுரையை, மேலே ஏறும்போதே கேட்டுவிட்டுச் செல்வது இந்த முழுப் பயணத்தின் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரமாக அமையும். மழைக்காலத்திலும் கடுங்குளிர் மாதங்களிலும் அந்த மையம் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெரிச்சேக்குக் கீழே இறங்குவது வரைபடத்தில் தெரியும் அளவுக்கு எளிதன்று. சுமார் 3,950 மீட்டரிலுள்ள பாங்போச்சே வரை பாதை பெரும்பாலும் இறக்கம். அதன்பின் 3,867 மீட்டரிலுள்ள தெங்போச்சே மடாலயத்துக்கு ஒரு சிறு ஏற்றம். பிறகு ஆற்றுப் பாலத்தை நோக்கி 3,250 மீட்டர் வரை நீண்ட இறக்கம். அங்கிருந்து நாம்சே என்னும் ஊரை நோக்கி மீண்டும் கடுமையான ஏற்றம். மிதமான தலைவலி உள்ளவருக்கு இந்த ஏற்றம் ஒரு பொருட்டன்று. நுரையீரலில் நீர் கோத்தவருக்கோ ஏற்றத்தில் நடப்பதே நோயைத் தீவிரமாக்கும் உழைப்பு. அப்படிப்பட்டவரை நடக்கவிடக் கூடாது. குதிரை கிடைக்குமானால் குதிரை, இல்லையென்றால் சுமைதூக்கிகள் மாறி மாறி முதுகில் சுமப்பது என்பதே அங்கு தொன்றுதொட்டு வரும் முறை. பெரிச்சேயிலும் திங்போச்சேயிலும் விடுதிக்காரர்களிடம் கேட்டால் குதிரைக்கு ஏற்பாடு செய்துகொடுப்பார்கள். அதற்குக் கையில் நேபாள ரூபாய் ரொக்கமாக இருக்க வேண்டும். நாம்சேக்கு மேலே ஏடிஎம்மை நம்பிச் செல்ல முடியாது.

இறங்குவதில் மீறக் கூடாத விதி, நோயாளியைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது. இது நம்மோடு வரும் சுமைதூக்கிக்கும் அப்படியே பொருந்தும். சுமைதூக்கிகள் எல்லாரும் உயரத்தில் பிறந்து வளர்ந்த ஷெர்பாக்கள் அல்லர். பலர் தாழ்ந்த குன்றுப் பகுதிகளிலிருந்து பிழைப்புக்காக வருபவர்கள், நம்மைப் போலவே உயர நோய்க்கு உள்ளாகிறவர்கள். உடல்நலம் குன்றிய சுமைதூக்கியின் கையில் கூலியைக் கொடுத்துத் தனியே இறக்கிவிட்டு, மற்றவர்கள் மேலே ஏறிய நிகழ்வுகள் இமயத்தில் மரணத்தில் முடிந்திருக்கின்றன. அத்தகைய ஒரு மரணத்துக்குப் பின்னரே 1997-இல் பன்னாட்டு சுமைதூக்கிகள் பாதுகாப்புக் குழு உருவானது. ஆகவே காப்பீடு, மருந்து, துணை, இறங்கும் செலவு ஆகிய எல்லாவற்றையும் திட்டமிடும்போது நம் சுமையைத் தூக்கி வருபவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது நம் கடமை.

இறங்க முடியாத இரவுகளும் உண்டு. பனிப்புயல் வீசும்போதோ, பாதை மூடியிருக்கும்போதோ, கிடைக்கும் இடைக்கால உதவி ஆக்சிஜனும் காமோவ் பை எனப்படும் அழுத்தப் பையுமே. நோயாளியை அந்தப் பைக்குள் படுக்கவைத்து, காலால் மிதிக்கும் பம்பினால் இடைவிடாமல் காற்றை ஏற்றினால், 1,500 முதல் 2,000 மீட்டர் வரை இறங்கியதற்குச் சமமான அழுத்தம் உள்ளே உண்டாகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் நல்ல தெளிவு கிடைக்கும். ஆனால் வெளியே எடுத்த சிறிது நேரத்தில் பழைய நிலை திரும்பக் கூடும். நடக்க முடியாதவரை நடக்கவைக்கும் அந்தச் சிறு அவகாசத்தை இறங்குவதற்குப் பயன்படுத்த வேண்டும். தேறிவிட்டார் என்று மீண்டும் படுக்கவைப்பதற்கு அன்று. நுரையீரலில் நீர் கோத்தவருக்கு, ஆக்சிஜன் கிடைக்காத நிலையில், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் 30 மில்லிகிராம் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற அளவில் துணை மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. இதையும் டெக்சாமெதசோனையும், எப்போது எப்படிக் கொடுப்பது என்ற மருத்துவரின் குறிப்போடு, ஊரிலிருந்தே கொண்டுசெல்வது நல்லது.

ஹெலிகாப்டர்

தள்ளாடுபவருக்கும், உட்கார்ந்த நிலையில் மூச்சு வாங்குபவருக்கும், எலும்பு முறிந்தவருக்கும், நெஞ்சுவலி கண்டவருக்கும் ஹெலிகாப்டர் பெரும் வரம். காத்மாண்டு 1,400 மீட்டரில் இருக்கிறது. பல நாள் நடந்து கடக்க வேண்டிய உயர வேறுபாட்டை அது ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. உண்மையான தேவை இருக்கும்போது செலவை எண்ணித் தயங்குவது பெரும் தவறு.

ஆனால் அதை முதல் திட்டமாக வைத்துக்கொள்வது வேறு. கும்புவில் இரவில் ஹெலிகாப்டர் வராது. பகலிலும், பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிட்டால் வர இயலாது. காற்று மெலிந்த உயரத்தில் அதன் தூக்கும் திறன் குறைவதால், சிலரை மட்டுமே ஏற்ற முடியும். உடன்வந்த உறவினருக்கு இடம் கிடைக்காமலும் போகலாம். மாலை 4 மணிக்கு நிலைமை மோசமாகும் ஒருவருக்கு, ஹெலிகாப்டர் என்பது அதிகம் போனால் மறுநாள் காலைக்கான நம்பிக்கை. அந்த இரவை அவர் எங்கே கழிக்கிறார் என்பதே அவர் உயிரைத் தீர்மானிக்கும். நடந்தோ சுமக்கப்பட்டோ பெரிச்சே வரை இறங்கி, மருத்துவரின் பார்வையில் இரவைக் கழித்து, காலையில் அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஏறுவது பல சூழல்களில் மிகச் சிறந்த முடிவு. இறங்குவதும் ஹெலிகாப்டரும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணுவதைவிட, ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்றை எண்ணுவதே பொருத்தம்.

இந்த வழியோடு பணமும் பிணைந்திருக்கிறது. கும்புவிலிருந்து காத்மாண்டுவுக்கு ஒரு மீட்புப் பயணம் பல ஆயிரம் அமெரிக்க டாலர் செலவாகக் கூடியது. பெரும்பாலான காப்பீட்டு நிறுவனங்கள் முன்அனுமதி பெறாத ஹெலிகாப்டர் செலவை ஏற்பதில்லை. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு என்ற பெயரில் இங்கே விற்கப்படும் பல திட்டங்கள் சாகசப் பயணத்தை விலக்கிவைத்திருக்கின்றன, அல்லது குறிப்பிட்ட உயரம் வரை மட்டுமே பொறுப்பேற்கின்றன. பத்திரத்தில் 4,000 மீட்டர் என்று எழுதியிருந்தால், லோபுச்சேயில் அது வெறும் தாள். பேஸ் கேம்ப் செல்பவருக்கு 6,000 மீட்டர் வரை மலைநடையையும் ஹெலிகாப்டர் மீட்பையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் திட்டம் தேவை. நிறுவனத்தின் 24 மணி நேர அவசர எண், பத்திர எண் இரண்டையும் தாளில் எழுதி, நோயாளியின் பையிலும் வழிகாட்டியிடமும் துணையிடமும் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு கவலைக்குரிய நிலையையும் சொல்லாமல் விட முடியாது. நேபாளத்தில் தேவையற்ற ஹெலிகாப்டர் மீட்புகளை ஏற்பாடு செய்து, காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் பறிக்கும் முறைகேடு 2018-இல் அரசு விசாரணைக்கு உள்ளானது. சாதாரணத் தலைவலியைக் காட்டி அச்சுறுத்தி பயணிகளைப் பறக்கவைத்தது, ஒரே பயணத்துக்குப் பலரிடம் தனித்தனியாகப் பணம் வாங்கியது போன்றவை அப்போது வெளிவந்தன. எல்லா வழிகாட்டிகளையும் சந்தேகிக்க இது காரணமாகாது. தங்கள் உயிரைப் பணயம் வைத்துப் பயணிகளைத் தோளில் சுமந்து இறக்கியவர்களும் அவர்களே. ஆயினும், நேராக நடந்து காட்டி, பேசி, சிரித்து, ஓய்வில் மூச்சு வாங்காமல் இருக்கும் ஒருவரிடம் உடனே பறந்தாக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், முதலில் இறங்கிப் பார்க்கிறேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. கூடுமானால் பெரிச்சே மையத்தின் மருத்துவரிடம் கருத்துக் கேட்ட பிறகே ஹெலிகாப்டரை அழைப்பது, பணத்தையும் உயிரையும் ஒருசேரக் காக்கும்.

எந்த மருத்துவமனை

பெரிச்சேக்கு அடுத்து, 3,840 மீட்டரிலுள்ள குந்தே மருத்துவமனை. எட்மண்ட் ஹிலாரி 1966-இல் ஷெர்பா மக்களுக்காகக் கட்டியது. நாம்சேக்கு மேலே சற்று விலகி இருக்கிறது. லுக்லாவில் பாசாங் லாமு – நிக்கோல் நிக்கில் பெயரிலான மருத்துவமனை உண்டு. எவரெஸ்டில் ஏறிய முதல் நேபாளப் பெண்ணான பாசாங் லாமு ஷெர்பா 1993-இல் உச்சியை அடைந்து, இறங்கும் வழியில் உயிரிழந்தவர். உயர நோய்க்கு இவற்றில் எது சிறந்தது என்பதைவிட, எது கீழே அருகில் இருக்கிறது என்பதே கேள்வி. அறுவைச் சிகிச்சை, இதய நோய், சந்தேகத்துக்குரிய மயக்கம் ஆகியவற்றுக்குக் காத்மாண்டுதான் செல்ல வேண்டும். பயணிகளின் நோய்களில் நீண்ட அனுபவமுள்ள மருத்துவமனைகளும், பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. இந்தியக் குடிமக்கள் கடவுச்சீட்டை இழந்தாலோ, உறவினரை வரவழைக்க வேண்டியிருந்தாலோ, லைன்சௌரிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம்.

வயிற்றுப்போக்கு என்றால் கணக்கு மாறுகிறது

உயர நோயில் இறங்குவதே முதல் விடை. வயிற்றுப்போக்கில் அப்படியில்லை. அங்கே முதல் தேவை நீர்ச்சத்தை மீட்பது. தங்கும் விடுதியில் கொதிக்கவைத்த நீரில் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கலந்து, சிறிது சிறிதாகத் தொடர்ந்து குடித்தால், பெரும்பாலோர் ஓரிரு நாளில் எழுந்துவிடுவார்கள். அந்த உயரத்தில் நீர் 85 பாகைக்கும் குறைவான வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஆயினும் நோய்க்கிருமிகளைக் கொல்ல அதுவே போதும். கடுமையான வயிற்றுப்போக்கோடு காய்ச்சலும் இரத்தமும் சேர்ந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும். தெற்காசியாவில் பல கிருமிகள் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாமல் போய்விட்டதால், அசித்ரோமைசினையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். இதையும் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், நீர்ச்சத்து இழந்த உடலிலும் தலைவலி, சோர்வு, குமட்டல், தலைச்சுற்றல் எல்லாம் வரும். உயர நோயிலும் வரும். ஒரு லிட்டர் கரைசலும் ஒரு வலி மாத்திரையும் கொடுத்து, ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது நடைமுறைக்கு உகந்த சோதனை. தலைவலி முற்றிலும் விட்டால், நீர்ச்சத்துக் குறைவே காரணமாக இருந்திருக்கலாம். விடாவிட்டால் இரண்டும் இருப்பதாகக் கொண்டு இறங்க வேண்டும். எதையும் குடித்து வைத்திருக்க முடியாமல் வாந்தி எடுப்பவர், நோய் எதுவானாலும், கீழே போக வேண்டியவரே.

முடிவை யார் எடுப்பது, இறங்கிய பிறகு என்ன

இந்த ஒப்பீடு முழுவதிலும் ஒரு பொருள் மறைந்திருக்கிறது. நோயாளி முடிவெடுக்கக் கூடாது. பயணத்துக்குப் பணம் சேர்த்தவர், விடுப்பு வாங்கியவர், வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர் அவர். மேலே போகத்தான் அவர் வாதாடுவார். காத்மாண்டுவிலிருந்து புறப்படும் முன்பே குழு ஒன்றாக உட்கார்ந்து, நடை தள்ளாடினால், ஓய்வில் மூச்சு வாங்கினால், தலைவலி மாத்திரைக்கு அடங்காமல் கூடினால், நோயாளியின் சம்மதத்தைக் கேட்காமல் இறக்கிவிடுவோம் என்று பேசி முடித்துவிட வேண்டும். யார் அவரோடு இறங்குவது என்பதையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். குழுவில் ஒரே ஒரு வழிகாட்டி இருந்தால் இந்தக் கேள்வி சிக்கலாகும். அதனால் நால்வருக்கு மேற்பட்ட குழுவில் துணை வழிகாட்டி ஒருவரை அமர்த்துவது வீண்செலவு அன்று.

இறங்கிய பின் மீண்டும் ஏறலாமா என்பது பலருடைய ஏக்கமான கேள்வி. மிதமான உயர நோயாக இருந்து, அறிகுறிகள் மருந்தின்றி முழுவதும் நீங்கியிருந்தால், மெதுவாக மீண்டும் ஏறலாம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வைத்தும் ஏற வேண்டும். மூளை வீக்கமோ நுரையீரல் நீர்க்கோப்போ வந்தவர்கள், அந்தப் பயணத்தில் மீண்டும் ஏறக் கூடாது. அவர்களுக்காக, திரும்பும் விமானத் தேதிகளில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு முன்பதிவு செய்திருப்பது நல்லது. லுக்லா விமானங்கள் வானிலையால் நாள்கணக்கில் ரத்தாவது வழக்கம். ஊர் திரும்பிய பின் சில வாரங்களுக்குள் காய்ச்சலோ விடாத வயிற்றுப்போக்கோ வந்தால், நேபாளம் சென்று வந்ததையும், அங்கே சாப்பிட்ட மருந்துகளின் பெயர்களையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். டைஃபாய்டு போன்றவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவரும்.